ஒரே பொய்யைச் சுற்றி நான்கு ஆண்கள்: கூட்டு நகைச்சுவைப் படத்தின் பாத்திரங்களை ஒப்பிடுவது எப்படி?

ஒரு கதாநாயகனும் அவனுக்குத் துணையாக ஒரு நகைச்சுவை நடிகரும் வரும் படத்தில், யார் எதற்காக இருக்கிறார் என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பம் ஏற்படுவதில்லை. கதாநாயகன் காதலிப்பான், சண்டையிடுவான். நகைச்சுவை நடிகர் இடையிடையே வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார். அவருடைய காட்சிகளைத் தனியாக வெட்டி எடுத்தாலும் கதை ஆட்டம் காணாது. திரையுலகில் அதற்குக் ‘காமெடி டிராக்’ என்றே பெயர். கூட்டு நகைச்சுவைப் படம் இதற்கு நேர்மாறானது. அதில் நான்கைந்து பேர் ஏறத்தாழச் சமமான அளவில் கதையைச் சுமக்கிறார்கள். ஒருவரை வெளியே எடுத்தால் மற்றவர்களின் காட்சிகளும் சேர்ந்து சரியும். எனவே அத்தகைய படத்தின் பாத்திரம் ஒன்றைத் தனியே எடுத்து ஆராய்வதைவிட, மற்றப் பாத்திரங்களோடு வைத்துப் பார்ப்பதே பயன் தரும். அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதை, இதற்குமுன் திரைப்பட ஆய்வு எதையும் படித்திராத ஒருவருக்கும் விளங்கும்படி, தமிழர் பலருக்கும் பழக்கமான ஒரு படத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

ஒப்பிடத் தொடங்குபவர் பெரும்பாலும் குணப்பட்டியல் போடுவதில்தான் தொடங்குவார். இவன் துணிச்சல்காரன், அவன் பயந்தவன், இன்னொருவன் வெகுளி, பெரியவர் பேராசைக்காரர் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். பட்டியலில் பிழை இருக்காது. ஆனால் அது எதையும் விளக்காது. துணிச்சல்காரனைப் பார்த்து நாம் ஏன் சிரிக்க வேண்டும்? சண்டைப் படத்தின் நாயகனும் துணிச்சல்காரன்தானே, அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லையே? குணம் மட்டும் சிரிப்பை உண்டாக்குவதில்லை. அந்தக் குணம் கொண்டவன் எதை வேண்டி நிற்கிறான், யாரிடம் எதை மறைக்கிறான் என்பதே உண்டாக்குகிறது. கூட்டு நகைச்சுவையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வோர் ஆணும் தரும் விடை வேறுபடும். ஒப்பீடு அங்கேதான் பிடி கொடுக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 1964-இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை எடுத்துக்கொள்வோம். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று கண்ணீரில் முடியும் காதல் கதைகளுக்குப் பேர்போன ஒருவர், எழுத்தாளர் சித்ராலயா கோபுவின் துணையோடு, தொடக்கம் முதல் இறுதிவரை சிரிப்பை மட்டுமே நம்பி எடுத்த வண்ணப்படம் அது. சின்னமலை எஸ்டேட்டின் உரிமையாளர் விஸ்வநாதன்; அவருக்குக் காஞ்சனா, நிர்மலா என்று இரண்டு மகள்கள், செல்லப்பா என்று ஒரு மகன். மகள்களுக்குப் பணக்கார இடத்தில்தான் சம்பந்தம் செய்ய வேண்டும் என்பது அவருடைய உறுதி. எஸ்டேட்டில் வேலை பார்த்துவந்த அசோக், மகள்களோடு ஏற்பட்ட ஒரு தகராறினால் வேலையை இழக்கிறான். வேலையைத் திரும்பக் கேட்டு அவர் வீட்டெதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுகிறான். போராட்டத்தின் நடுவே நிர்மலாவோடு காதல் மலர்கிறது. பணமில்லாத தன்னை விஸ்வநாதன் ஏற்கமாட்டார் என்பதால், சிதம்பரம் என்ற பெரும் பணக்காரரின் மகன் தான் என்று ஒரு கதையைக் கட்டுகிறான். கதைக்கு ஒரு தந்தை வேண்டுமல்லவா? நண்பன் வாசுவை வரவழைத்துக் கிழவர் வேடம் போட்டுவிடுகிறான். வந்து சேர்ந்த வாசுவுக்குத் தெரியவருவது, தான் காதலிக்கும் காஞ்சனா அந்த வீட்டின் மூத்த பெண் என்பது. இதற்கிடையில் செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் படமெடுக்கத் தந்தையிடம் பணம் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையாவும், செல்லப்பாவாக நாகேஷும், வாசுவாக முத்துராமனும், அசோக்காக அப்போது அறிமுகமான ரவிச்சந்திரனும் நடித்தார்கள்.

இந்த நால்வரையும் ஒரே தளத்தில் வைக்கப் பொதுவான பொருள் ஒன்று தேவை. அது விஸ்வநாதனின் பணப்பெட்டி. அதை வைத்திருப்பவர் அதை இன்னும் பெருக்க மகள்களின் திருமணத்தைப் பயன்படுத்தப் பார்க்கிறார். மகன் அதைத் திறந்து படமெடுக்கப் பார்க்கிறான். அசோக் அதிலிருந்து முதலில் மாதச் சம்பளம் கேட்கிறான். பிறகு அதன் காவலரையே மாமனாராக்கிக்கொள்ளப் பார்க்கிறான். வாசுவுக்கு மட்டும் அதில் ஒன்றும் வேண்டியதில்லை. அவன் வசதியான வீட்டுப் பிள்ளை, நண்பனுக்காக வந்தவன். இப்படி வைத்துப் பார்த்தவுடனேயே ஓர் உண்மை கண்ணில் படுகிறது. பணமில்லாதவன் பணக்காரனாக நடிக்க, உண்மையிலேயே பணமுள்ளவன் அவனுக்குத் தந்தையாக நடிக்கிறான். தன் பெயரைச் சொல்லி முன்வாசல் வழியாகப் பெண் கேட்டிருந்தால் மறுப்பே வந்திருக்காத வாசு, அடுத்தவனின் பொய்க்குள் மாட்டிக்கொண்டு, காதலியின் வீட்டில் தள்ளாடும் கிழவராக உலாவ வேண்டியிருக்கிறது. ‘வாசு பயந்தவன்’ என்ற குணக்குறிப்பு இந்த முரணைக் காட்டித் தராது.

அடுத்த கேள்வி, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது. ஆள்மாறாட்டக் கதைகளில் சிரிப்பின் உயரத்தைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது. பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். அசோக்குக்குத் தன் பொய் முழுவதும் தெரியும். நண்பனின் காதலி யார் என்பது தொடக்கத்தில் தெரியாது. வாசுவுக்கு இரண்டும் தெரிந்துவிடுகிறது. ஆகவே அவனுக்கே அச்சம் அதிகம். விஸ்வநாதனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாம் தமக்குத் தெரியும் என்ற நிறைவோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரே அறையில் மூவரும் உட்கார்ந்து குசலம் விசாரிக்கும்போது, வாயிலிருந்து வரும் சொல் சாதாரணமானதாக இருந்தும் நாம் சிரிப்பது, ஒவ்வொருவருக்கும் தெரிந்தவற்றின் அளவு வேறுபடுவதால்தான். உங்களுக்குப் பிடித்த நகைச்சுவைப் படம் எதுவானாலும், ஒரு காட்சியை நிறுத்திவைத்து, அதில் இருப்பவர்களுக்கு அந்த நொடியில் என்னென்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இனி ஒரு சொல்லை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட அசோக் கோடீசுவரரின் பிள்ளை என்று நம்பிவிட்ட விஸ்வநாதன், அவனுடைய ‘தந்தை’யிடம் கேட்கும் கேள்வி தமிழ்நாட்டில் இன்றும் மக்கள் வாயில் புழங்குகிறது: “அசோகர் உங்க மகரா?” இந்த மூன்று சொற்களில் நடப்பதைக் கவனியுங்கள். மரியாதைக்குரியவரைக் குறிக்க ‘அன்’ விகுதியை மாற்றி ‘அர்’ போடுவது தமிழின் வழக்கம். ‘தலைவன்’ தலைவர் ஆவான், ‘அறிஞன்’ அறிஞர் ஆவான். ஆனால் ‘மகன்’ மகர் ஆவதில்லை. பெற்றவரிடம் பேசும்போது பிள்ளையை அவ்வளவு உயரத்தில் ஏற்றத் தமிழில் இடமே இல்லை. விஸ்வநாதனின் பேராசை, மொழியில் இல்லாத ஓர் இடத்தையும் உண்டாக்கிக்கொள்கிறது. நேற்றுவரை ஒருமையில் விரட்டப்பட்டவன் இன்று பேரரசன் ஒருவனின் பெயரையே பெற்றுவிட்டான். ‘இவர் பணத்துக்கு மயங்குபவர்’ என்று ஒரு பத்தி எழுதுவதைவிட, அந்த ஒரு ‘ர்’ எழுத்து பாத்திரத்தை முழுமையாகக் காட்டிவிடுகிறது. அதை ஏளனம் சிறிதும் கலக்காமல், மெய்யான பவ்வியத்தோடு பாலையா சொல்வதால்தான் அது நிற்கிறது என்பது என் கருத்து. சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பு அந்த முகத்தில் தட்டுப்பட்டிருந்தால் சொல் செத்திருக்கும்.

ஆக, மரியாதைச் சொற்களைப் பின்தொடர்வது தமிழ்ப் படங்களுக்கே உரிய ஒப்பீட்டு வழி. நீ, நீங்கள், அவன், அவர், வாடா, வாங்க என்று ஒவ்வொரு விளிப்பிலும் உறவின் ஏற்றத்தாழ்வு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும் மொழி நம்முடையது. அசோக்கும் வாசுவும் தனிமையில் சமவயது நண்பர்கள். விஸ்வநாதனின் முன்னால் ஒருவன் பணிவான மகன், மற்றவன் கண்டிப்பான தந்தை. கதவு திறந்து மூடும் நேரத்துக்குள் விளிப்பு மாற வேண்டும். இந்த மாற்றத்தில் அசோக் வழுக்குவதே இல்லை, வாசுதான் வியர்க்கிறான்.

இங்கிருந்து மூன்றாவது கேள்வி பிறக்கிறது: ஒவ்வொருவரும் பொய்யை எப்படிக் கையாள்கிறார்? அசோக் விளையாட்டாகப் பொய் சொல்பவன். ஒரு பொய் மாட்டிக்கொள்ளும் தருவாயில் அதைவிடப் பெரிய இன்னொன்றைச் சொல்லித் தப்புவான். வாசு வேறு வழியின்றிப் பொய் சொல்பவன். அவனுடைய பொய் நாக்கைவிட உடம்பில்தான் அதிகம் இருக்கிறது, நரையிலும் நடையிலும் குரலிலும். விஸ்வநாதன் பொய் சொல்லவே தெரியாதவர். தம் ஆசையை மறைக்கத் தெரியாததால்தான் அடுத்தவர் பொய்க்கு எளிதில் இரையாகிறார். செல்லப்பாவின் நிலையோ தனி. அசோக் கட்டும் பொய்யில் அவனுக்குப் பங்கில்லை. ஆனால் அந்த வீட்டிலேயே பெரிய கற்பனைக்காரன் அவன்தான்: கையில் பணமில்லை, படமில்லை, ஆனாலும் கம்பெனி இருக்கிறது, எஸ்டேட் மேலாளரின் மகள் மீனாட்சி கதாநாயகியாகிவிட்டாள். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், தான் சொல்வதைத் தானே முதலில் நம்புபவன் பொய்யனா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். அசோக்கின் பொய்யும் செல்லப்பாவின் கனவும் ஒரே கூரையின்கீழ் இருப்பது தற்செயல் அன்று. இரண்டும் கதை கட்டும் வேலைகளே. ஒன்று ஆதாயத்துக்காகக் கட்டப்படுவது. மற்றது கட்டுவதில் உள்ள இன்பத்துக்காகக் கட்டப்படுவது. தந்தை முன்னதை நம்பிப் பெண்ணையே கொடுக்க முன்வருகிறார். பின்னதற்கு ஒரு காசும் தர மறுக்கிறார்.

அப்படி மறுப்பவரையும் செல்லப்பா ஒருமுறை வென்றுவிடுகிறான். தான் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையைத் தந்தையிடம் சொல்லும் புகழ்பெற்ற காட்சி அது. வேண்டிய ஒலிகளையெல்லாம் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்பி, உடலை வளைத்து, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டே போக, எதிரே அமர்ந்திருக்கும் பாலையா கொஞ்சம் கொஞ்சமாக வெலவெலத்துப் போகிறார். நாகேஷின் திறமையாகவே இந்தக் காட்சி பேசப்படுவது வழக்கம். ஆனால் ஒப்பீட்டுக் கண்ணோடு பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட சிரிப்பைச் சுமப்பது கேட்பவரின் முகம்தான் என்பது தெரியும். சொல்பவனும் கேட்பவரும் ஒரே இரத்தம் என்பதை அந்த முகம் காட்டிவிடுகிறது. எதையும் உடனே முழுமையாக நம்பும் இயல்பு மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லாமல் சொல்லும் இடம் அது.

சிரிப்பின் வகைகளைப் பற்றி நம் இலக்கணமே ஒரு கருவியைத் தந்திருக்கிறது. “எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப” என்று, மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறது. எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து நகைப்பது. இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரைமரபு தரும் விளக்கம் சுவையானது: கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை. அதாவது பிறர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஏற்று, ஏற்றதைப் பிறகு விடாமல் பிடித்துக்கொள்வது. சிதம்பரத்தின் கதையை விழுங்கிவிட்டு, அதன்பின் எத்தனை அறிகுறி கண்ணெதிரே வந்தாலும் ஐயமே கொள்ளாத விஸ்வநாதனுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடைக்காது. முதலாளியின் வாசலிலேயே கூடாரம் அடித்து அவரைக் கேலிசெய்யும் அசோக் எள்ளலின் பக்கம். செல்லப்பா இளமையின் பக்கம். சரி, வாசுவை எங்கே வைப்பது? வெறும் அறியாமை என்று அவனைச் சொல்ல முடியாது; அவனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தெரியும். வாசுவிடம் நாம் காண்பது உண்மையில் அச்சம். மெய்ப்பாட்டியல் அதைத் தனியே வேறொரு மெய்ப்பாடாக வைத்திருக்கிறது. ஒருவனின் அச்சம் அவனுக்கு அச்சமாகவும், எல்லாம் தெரிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு நகையாகவும் அமைகிறது. நான்கு பெட்டிகளில் நான்கு பேரையும் அடைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதவருக்கே இந்தக் கருவி உதவும்.

வாசுவாக முத்துராமன் நடித்தது இந்த இடத்தில் முக்கியமாகிறது. அதே இயக்குநரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயுற்ற கணவனாக நடித்துப் பார்ப்பவரைக் கலங்க வைத்தவர் அவர். நகைச்சுவை நடிகர் என்ற முத்திரை இல்லாத ஒருவர் கிழவர் வேடத்தில் தவிக்கும்போது, அந்தத் தவிப்பை நாம் உண்மையென்றே எடுத்துக்கொள்கிறோம். இந்தப் படம் 1966-இல் ஸ்ரீதரின் இயக்கத்திலேயே ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் வந்தபோது, கிழவர் வேடமிடும் நண்பனாக நடித்தவர் கிஷோர் குமார். அசோக்காக சசி கபூரும், படமெடுக்கத் துடிக்கும் மகனாக மெஹ்மூதும், தந்தையாக ஓம் பிரகாஷும் நடித்தார்கள். கிஷோர் குமார் பிறவி நகைச்சுவைக்காரர். அவர் கிழவராக மாறும்போது அது தவிப்பாக இல்லாமல் ஒரு கொண்டாட்டமாக மாறிவிடுகிறது. கதை ஒன்றே, காட்சி ஒன்றே. நால்வருக்கும் இடையே இருந்த எடை மட்டும் இடம் மாறிவிட்டது. மறு ஆக்கங்களை அருகருகே பார்ப்பது, பாத்திர ஒப்பீட்டைக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு எளிதான பயிற்சி.

எல்லாக் கூட்டு நகைச்சுவைப் படங்களும் ஒரே முறையில் ஆண்களைப் பிரித்துக் காட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே.எஸ்.ரவிகுமார் இயக்கத்தில், கிரேசி மோகனின் வசனத்தோடு 2002-இல் வந்த ‘பஞ்சதந்திரம்’ படத்தில் ஐந்து நண்பர்கள் வருகிறார்கள். கமல்ஹாசன், ஜெயராம், ரமேஷ் அரவிந்த், ஸ்ரீமன், யூகி சேது ஆகியோர் ஏற்ற அந்த ஐவருக்கும் வேண்டுவது ஏறக்குறைய ஒன்றே, மறைப்பதும் ஒன்றே. பெங்களூரில் நடந்தது மனைவிமார்க்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். எனவே அங்கே வேறுபாடு பேச்சில் வைக்கப்பட்டிருக்கிறது. நாயர், ஹெக்டே, ரெட்டி என்று பெயரிலேயே ஊரும் மொழியும் தெரிந்துவிடுகின்றன. ஒரு சொல்லை ஒருவர் ஒருவிதமாகக் கேட்டு மற்றவர் வேறுவிதமாகத் திருப்பிச் சொல்வதில் சிரிப்பு பெருகுகிறது. 1990-இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்திலோ நால்வருக்கும் முகமே ஒன்று, நடிகரும் ஒருவரே. ஆதலால் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் போன்ற பேச்சு அடையாளங்கள் மேலும் அதிகமான வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஆனாலும் வேண்டுவதில் வேறுபடும் ஆண்கள், பேச்சில் மட்டும் வேறுபடும் ஆண்களைவிட நீண்ட நாள் மனத்தில் தங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒப்பீடு சரியாக அமைந்ததா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவரை மற்றவரின் இடத்தில் மாற்றி வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். வேலையிழந்தவன் வாசுவாக இருந்திருந்தால், கூடாரம் என்ற எண்ணமே தோன்றாமல் அடுத்த பேருந்தில் ஏறியிருப்பான்; கதை முதல் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். கிழவர் வேடம் செல்லப்பாவுக்குக் கிடைத்திருந்தால், சிதம்பரத்துக்கு ஒரு முன்கதையும் இரண்டு பாட்டும் சேர்த்து, வேடத்தை வேடமென்றே மறந்துபோயிருப்பான். திகில் கதையைக் கேட்க உட்கார்ந்தவன் அசோக் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாகேஷ் எத்தனை ஒலி எழுப்பினாலும், அவன் பாதியில் குறுக்கிட்டு, இந்தப் படத்துக்குப் பணம் போடுவது யார் என்று கேட்டிருப்பான்.